பின்னம், விகிதம்: ஒரு நாள் குறுவள மையப் பயிற்சியை எப்படி அமைப்பது? (தர்மபுரி / கிருஷ்ணகிரி)

#1 பாலக்கோடு_கணக்கு
வணக்கம். 4 முதல் 8-ஆம் வகுப்பு வரை கணக்கு எடுக்கும் 36 ஆசிரியர்களுக்கு எங்கள் குறுவள மையத்தில் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் இடம்) ஒரு நாள் பயிற்சி. தலைப்பு பின்னமும் விகிதமும். டீ, சாப்பாடு, வருகைப் பதிவு எல்லாம் போக நாலரை மணி நேரம் கையில் நிற்கும். கருத்தாளர்கள் இரண்டு பேர். இப்போதைக்கு வரைவு இது:

காலை: பின்னத்தின் வகைகள், சமான பின்னம், நான்கு செயல்கள், சார்ட்டில் வட்ட மாதிரி செய்தல்.
மதியம்: விகிதம், விகிதசமம், குறுக்குப் பெருக்கல், மாதிரிக் கணக்குகள், பின்னூட்டப் படிவம்.

எதை வெட்டலாம், எதைச் சேர்க்கலாம்? பொருள் செலவு குறைவாக இருக்க வேண்டும்.

#2 தொகுதி_பகுதி
முதல் வரியிலேயே கத்தரி வைக்கலாம் சார். தகு பின்னம், தகா பின்னம், கலப்பு பின்னம் எல்லாம் 36 பேரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் மீதி நாள் முழுக்க எல்லார் கண்ணும் செல்போனில்தான்.

பிள்ளைகளின் தப்பு விடையிலிருந்து ஆரம்பியுங்கள். நாலே நாலு போதும், போர்டில் எழுதிவிடுங்கள்:

1/2 + 1/3 = 2/5
3/8 > 3/5 ("8 பெரிசு")
0 முதல் 2 வரை போட்ட எண்கோட்டில் 3/4-ஐ 1½ மேல் குறித்திருப்பது
2 : 3 = 4 : 5

குழுக்களிடம் இரண்டு கேள்வி. பிள்ளை எதை நினைத்து இப்படி எழுதியது? அந்த நினைப்பு வேறு எந்த இடத்தில் சரியாக வரும்? இரண்டாவது கேள்விக்குத்தான் அறை அமைதியாகும்.

முதல் தப்பை எடுங்கள். ஒரு பையில் 2 மாம்பழம், அதில் 1 அழுகல். இன்னொரு பையில் 3, அதிலும் 1 அழுகல். இரண்டையும் ஒரே கூடையில் கொட்டினால் 5-ல் 2 அழுகல். அதாவது 2/5, கச்சிதமாகச் சரி. பிள்ளை ஒன்றும் உளறவில்லை. ஆனால் அரைத் தோசையும் மூன்றில் ஒரு பங்கு தோசையும் சேர்த்தால் 5/6 தோசை. எங்கே வேறுபட்டது? பையில் முழுசு மூன்று முறை மாறியது: 2, 3, பிறகு 5. தோசையில் கடைசி வரை ஒரே தோசைதான் முழுசு. பின்னத்தைக் கூட்ட முழுசு மாறாமல் இருக்க வேண்டும். பையில் நடந்தது இரண்டு விகிதங்களைக் கலப்பது. மேலும் கீழும் தனித்தனியாகக் கூட்டுவது அங்கே சரி, இங்கே தப்பு.

எண்கோட்டுத் தப்பும் இதே சங்கதிதான். பிள்ளை 0–2 கோடு முழுவதையும் முழுசாக எடுத்து அதில் முக்கால் பங்கு போயிருக்கிறது. எனவே நாள் முழுக்க போர்டின் ஓரத்தில் ஒரே கேள்வி எழுதி வையுங்கள்: "முழுசு எது?" அழிக்கவே வேண்டாம்.

#3 கரும்பலகை
மேலே சொன்னதோடு உடன்பாடு. வட்ட மாதிரியையும் தயவுசெய்து தூக்கிவிடுங்கள். வட்டத்தில் 2, 4, 8 மடிப்பது சுலபம். 3, 5, 6 வந்தால் பாகைமானி வேண்டும், நாலாம் வகுப்பில் அது கிடையாது. பிள்ளைகள் குத்துமதிப்பாகக் கோடு போடுவார்கள், பங்குகள் சமமாக இருக்காது. "சம பங்கு" என்பதுதான் பாடமே, அதுவே போச்சு. தவிர 5/4-ஐ வட்டத்தில் காட்ட இரண்டாவது வட்டம் வேண்டும். உடனே பிள்ளை எட்டில் ஐந்து என்று எண்ணும்.

காகிதப் பட்டை போதும். நீளம் சரியாக 24 செ.மீ. ஏன் 24? பாதி 12, மூன்றில் ஒன்று 8, கால் 6, ஆறில் ஒன்று 4, எட்டில் ஒன்று 3, பன்னிரண்டில் ஒன்று 2. எல்லாம் முழு செ.மீ., ஸ்கேலில் உடனே சரிபார்க்கலாம். 5, 10 மட்டும் இதில் வராது (4.8, 2.4). அதற்குத் தனியாக 30 செ.மீ. பட்டை: பாதி 15, மூன்றில் ஒன்று 10, ஐந்தில் ஒன்று 6, பத்தில் ஒன்று 3. ஒரே பட்டையில் எல்லாம் வேண்டுமென்றால் 60 செ.மீ., சார்ட் தாளின் நீளவாக்கில் வெட்ட வேண்டும்.

மூன்றாக மடிப்பதில்தான் ஆசிரியர்களே தடுமாறுவார்கள். பாதியாக மடித்து, அதில் ஒன்றை மறுபடி பாதியாக்கி "மூன்று பங்கு" என்று காட்டுபவர் ஒவ்வொரு அறையிலும் இருப்பார் (1/2, 1/4, 1/4). திருத்த வேண்டாம், ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

#4 வீசம்16
பட்டையோடு தமிழ்ச் சொற்களையும் சேர்த்தால் அரை மணி நேரம் மிச்சமாகும். நம்ம வார்த்தையிலேயே கணக்கு இருக்கிறது.

முக்கால் = மூன்று கால். 3/4 என்பது 1/4 மூன்று முறை என்று வார்த்தையே சொல்கிறது.
அரைக்கால் = காலில் அரை. 1/2 × 1/4 = 1/8. பின்னப் பெருக்கல் விடை சிறிதாவது ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு இது போதும்.
ஒன்றரை, ஒன்றேகால், ஒன்றேமுக்கால் = கலப்பு பின்னம்.
அரையே அரைக்கால் = 5/8. வேறு பகுதி (கீழ் எண்) உள்ள இரண்டு பின்னங்களின் கூட்டல்.

படி அளவும் அப்படித்தான்: 1 படி = 2 உரி = 4 உழக்கு = 8 ஆழாக்கு. ராகி அளக்கும் வீட்டில் படி இன்னும் இருக்கிறது. "முக்கால் படியில் எத்தனை ஆழாக்கு?" என்றால் 3/4 = 6/8, சமான பின்னம் முடிந்தது.

அதற்கும் கீழே போனால் வீசம் 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இதெல்லாம் 2019-ல் யூனிகோடிலும் ஏறிவிட்டது.

#5 கரும்பலகை
முந்திரி வரைக்கும் போனால் பயிற்சி இலக்கிய மன்றமாகிவிடும் அய்யா. அரைக்காலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

#6 வீசம்16
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒரு கேள்வி மட்டும் ஆசிரியர்களுக்கு வையுங்கள்: கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக வந்த வரிசையில் 1/20 எதற்கு? ஐந்து மா சேர்ந்தால் கால். 1/3-க்கு இப்படித் தனிப் பெயரோ குறியோ ஏன் புழங்கவில்லை? அஞ்சு நிமிஷம்தான் ஆகும், பகுதி எண்ணை யார் எதற்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற யோசனை ஓடும்.

#7 எல்லைச்சாவடி
ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்துப் பள்ளிகளை நினைவில் வைத்துச் சொல்கிறேன். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் நிறைய. கன்னடத்தில் காலு, முக்காலு. தமிழோடு ஒட்டிப் போகும், சிக்கல் இல்லை. தெலுங்கில் கால் என்பது பாவு, முக்கால் என்பது முப்பாவு. பாவு கிலோ என்று கடையில் கேட்கும் பிள்ளைக்கு "கால்" என்றால் உடம்பில் உள்ள கால்தான். வகுப்பில் மூன்று சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டால் தீர்ந்தது.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு, அது தமிழ்ப் பிள்ளைக்கும் பொது. 3/4-ஐ நாம் "நான்கில் மூன்று" என்று படிக்கிறோம். பகுதி முதலில், தொகுதி பிறகு. தெலுங்கிலும் "நாலுகிண்ட மூடு" என்று அதே வரிசைதான். எழுதும்போது மட்டும் தொகுதி மேலே, பகுதி கீழே. சொல்லிக்கொண்டே எழுதும் பிள்ளை காதில் முதலில் விழுந்த 4-ஐ மேலே போட்டு 4/3 என்று எழுதும். அது கவனக்குறைவு இல்லை, மொழி அப்படி. இன்னொரு ஆசிரியர் அதே பின்னத்தை "3 பை 4" என்பார், வரிசை தலைகீழ்.

கைமருந்து: "நான்கில்" என்றதும் முதலில் கோட்டைப் போட்டு அதன் கீழே 4 எழுத வேண்டும். "மூன்று" என்றதும் மேலே 3. எழுதும் வரிசையைப் பேசும் வரிசைக்கு மாற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான். பயிற்சியில் பத்து பின்னத்தைச் சொல்லி ஆசிரியர்களையே இப்படி எழுத வையுங்கள். கை பழக்கம் எவ்வளவு எதிர்க்கிறது என்று தெரியும்.

#8 பாலக்கோடு_கணக்கு
#7 அருமை. இது எந்தக் கையேட்டிலும் கண்ணில் பட்டதில்லை.

வகுத்தலை எப்படி வைக்கலாம்? "தலைகீழாக்கிப் பெருக்கு" என்பதைத் தாண்டிப் போக வேண்டும்.

#9 தொகுதி_பகுதி
விதியைச் சொல்லாமல் கதை எழுதச் சொல்லுங்கள். "1¾ ÷ ½ என்ற கணக்குக்குப் பொருத்தமான ஒரு அன்றாட நிகழ்வு எழுதுக." தனித்தனியாக, பெயர் போடாமல், நாலு நிமிஷம்.

வரும் தாள்களில் பல இப்படி இருக்கும்: "1¾ லிட்டர் பாலை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரித்தால்?" இது 1¾ ÷ 2. அரையால் வகுப்பதும் அரையாகப் பிரிப்பதும் தமிழில் ஒரே மாதிரி ஒலிக்கிறது, அதுதான் வினை. சரியான கதை: 1¾ லிட்டர் பால் இருக்கிறது, அரை லிட்டர் பாக்கெட் எத்தனை போடலாம்? மூன்று பாக்கெட், மீதி கால் லிட்டர்.

இங்கேதான் நிறுத்த வேண்டும். விதிப்படி விடை 3½. கையில் மீதி இருப்பது ¼. இரண்டில் எது சரி? அறை இரண்டாகப் பிரியும், பிரியட்டும். மீதி கால் லிட்டர்தான், ஆனால் அது அரைப் பாக்கெட். 3½-ல் உள்ள அரைக்கு முழுசு பாக்கெட், ¼-க்கு முழுசு லிட்டர். போர்டு ஓரத்தில் எழுதி வைத்த கேள்வியை ஒரு தட்டு தட்டிவிட்டு நகருங்கள்.

விதிக்கு வழி: இரண்டையும் காலாக்குங்கள். 7/4 ÷ 2/4. ஏழு காலில் இரண்டு கால் எத்தனை தடவை? 7 ÷ 2 = 3½. பகுதி ஒன்றாகிவிட்டால் தொகுதியை மட்டும் வகுத்தால் போதும். தலைகீழாக்குவது இதன் சுருக்கம் என்று பிறகு காட்டலாம்.

#10 மலைமேல்_பள்ளி
பட்டையில் 5, 7 பங்கு எடுக்க ஸ்கேல் கணக்கு வேண்டாம். ஒற்றைக் கோடு நோட்டு போதும். 12 செ.மீ. பட்டையை எடுங்கள். ஒரு முனை முதல் கோட்டின் மேல் இருக்கட்டும். மறுமுனை ஆறாவது கோட்டைத் தொடும் வரை பட்டையைச் சாய்த்துத் திருப்புங்கள். இடையில் வரும் கோடுகள் பட்டையை வெட்டும் இடத்தில் பென்சில் புள்ளி. ஐந்து சம பங்கு கிடைத்துவிடும். கோடுகள் சம இடைவெளியில் இணையாக இருப்பதால் குறுக்கே போகும் எதையும் சமமாகத்தான் வெட்டும்.

தப்பு எங்கே வரும் என்றால், ஐந்து பங்குக்கு ஐந்து கோடு எண்ணுவார்கள். ஐந்து இடைவெளி வேண்டும், அதற்குக் கோடு ஆறு. எண்கோட்டிலும் இதே தப்பு: இடைவெளியை விட்டுவிட்டுக் குச்சியை (எண்கோட்டின் சிறு குறுக்குக் கோடு) எண்ணுவது. 0-வின் குச்சியை "ஒன்று" என்று எண்ணும் பிள்ளை 3/5-ஐ 2/5 இடத்தில் குறிக்கும். ஒரே வேலையில் இரண்டையும் பிடித்துவிடலாம்.

24 செ.மீ. பட்டை நோட்டின் அகலத்துக்குள் அடங்காது. பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள்.

#11 ஆறாம்_வகுப்பு
விகிதத்துக்கு வருவோம். 2018-ல் வந்த ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் விகிதமும் விகிதசமமும் முதல் பருவம், பின்னங்கள் மூன்றாம் பருவம். அதாவது a : b-ஐ a/b என்று எழுதி எளிய வடிவுக்குச் சுருக்கும்போது பிள்ளைக்கு அஞ்சாம் வகுப்புப் பின்னம்தான் துணை. ஆறாம் வகுப்பு எடுப்பவர்கள் முதல் பருவத்தில் சமான பின்னத்துக்கு இரண்டு பாடவேளை ஒதுக்காமல் விகிதத்தில் கால் வைக்கக் கூடாது என்பதைப் பயிற்சியில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது: விகிதம் பங்குக்கும் பங்குக்கும், பின்னம் பங்குக்கும் முழுசுக்கும். பூச்சு வேலைக்கு சிமென்ட் மணல் 1 : 4. கலவையில் சிமென்ட் எவ்வளவு பங்கு? 1/4 என்று வரும். சரி 1/5. நாலு சட்டி மணலோடு ஒரு சட்டி சிமென்ட், மொத்தம் ஐந்து சட்டி. கொத்தனார் வீட்டுப் பிள்ளை சட்டியை எண்ணிச் சொல்லிவிடும், புத்தகத்தை மட்டும் பார்ப்பவர்தான் மாட்டுவார்.

#12 தென்பெண்ணை
2 : 3 = 4 : 5 பற்றி யாரும் விரித்து எழுதவில்லை. அதுதான் ஆணிவேர். பிள்ளை கூட்டலில் யோசிக்கிறது: இரண்டு கூட்டினேன், அங்கேயும் இரண்டு கூட்டினேன்.

எண்களை எந்த வரிசையில் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கைத்தெளிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 25 மி.லி. மருந்து.

முதலில் 20 லிட்டர் கேளுங்கள். 50 என்று எல்லாரும் சொல்வார்கள், இதை வைத்துப் புரிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அடுத்து 5 லிட்டர்: 12.5. அதற்கும் வரும். இப்போது 16 லிட்டர் டேங்க். இதில்தான் 31 என்ற விடை தலைகாட்டும், 6 லிட்டர் கூடியது, 6 மி.லி. கூட்டினேன் என்று. முழு எண் மடங்காக இல்லாத இடத்தில் பழைய கூட்டல் திரும்பி வருகிறது. பாடப்புத்தகக் கணக்குகள் பெரும்பாலும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலேயே நின்றுவிடுவதால் இது வெளியே தெரியாமல் போகும்.

திருத்த விகித அட்டவணை போடுங்கள். மேல் வரிசை தண்ணீர், கீழ் வரிசை மருந்து:

தண்ணீர் (லி): 10, 2, 16
மருந்து (மி.லி.): 25, 5, 40

10-லிருந்து 2-க்கு இரண்டு வரிசையையும் 5-ஆல் வகு, 2-லிருந்து 16-க்கு 8-ஆல் பெருக்கு. ஒரு லிட்டருக்கு 2.5 என்று அலகு முறையிலும் போகலாம். எந்த வழியில் வந்தாலும் 40. ஆசிரியர்கள் குறைந்தது மூன்று வேறு வழிகளைப் போர்டில் பார்க்க வேண்டும். 31 மி.லி. ஊற்றினால் மருந்து நீர்த்துப்போகும், பூச்சி சாகாது என்பதையும் பிள்ளைகள் சொல்லட்டும்.

அதன் பிறகு ஒப்பீடு: 2 டம்ளர் மாங்கூழ், 3 டம்ளர் தண்ணீர். இன்னொன்றில் 3 டம்ளர் கூழ், 4 டம்ளர் தண்ணீர். எது கெட்டி? இரண்டிலும் வித்தியாசம் 1, அதனால் ஒன்றேதான் என்பது கூட்டல் விடை. தண்ணீரைச் சமமாக்குங்கள்: 8-க்கு 12, 9-க்கு 12. இரண்டாவதுதான் கெட்டி.

#13 உதவித்தொகை_வகுப்பு
கொஞ்சம் எதிர்ப்பாட்டு. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்பவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் இல்லை. குறுக்குப் பெருக்கல் வேகமாக விடை தரும். அதைக் கைவிடச் சொல்வது நியாயமா?

#14 தென்பெண்ணை
கைவிட வேண்டாம் சார், கடைசியில் வைக்கலாம். குறுக்குப் பெருக்கல் எல்லாவற்றுக்கும் விடை தரும், அதுதான் அதன் குறை. இதைக் கேளுங்கள்: 3 புடவை வெயிலில் காய 2 மணி நேரம். 9 புடவையை ஒன்றாக உலர்த்தினால்? குறுக்கே பெருக்கினால் 6. வெளியே எட்டிப் பார்த்தால் 2. 4 பேர் 6 நாளில் களை எடுத்தால் 8 பேர்? குறுக்கே பெருக்கினால் 12 நாள், ஆள் கூடக் கூட நாளும் கூடுகிறது! ஏழாம் வகுப்பு முதல் பருவத்தில் நேர், எதிர் விகிதங்கள் அடுத்தடுத்து வருவதால் இந்தத் தப்பு அங்கே குவியும்.

பயிற்சியில் பத்து சூழல் எழுதிய சீட்டு கொடுத்து மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: நேர், எதிர், இரண்டும் இல்லை. கணக்கே போட வேண்டாம். மூன்றாவது குவியலில் குறைந்தது மூன்று சீட்டு விழும்படி பாருங்கள் (வயது வித்தியாசம், புடவை, பாட்டு பாட ஆகும் நேரம்). தேர்வுக்கும் இதுதான் வேகம் தரும். எந்த வகை என்று தெரிந்தால்தான் பெருக்கவா வகுக்கவா என்று தெரியும்.

#15 உதவித்தொகை_வகுப்பு
சீட்டு யோசனை நன்று. எடுத்துக்கொள்கிறேன்.

#16 கரும்பலகை
மதிப்பீட்டுத் திறனுக்கு ஒரு கேள்வி சேருங்கள். 12/13 + 7/8 உத்தேசமாக எவ்வளவு? 1, 2, 19, 21. அமெரிக்காவில் 1978-ல் தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டது, 24 விழுக்காடு பேர்தான் 2 என்றார்கள். 19 தொகுதிகளின் கூட்டல், 21 பகுதிகளின் கூட்டல். மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) 104 எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கும் ஆசிரியரை அன்போடு நிறுத்துங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, அவ்வளவுதான்.

#17 பாலக்கோடு_கணக்கு
எல்லாருக்கும் நன்றி. மாற்றிய வரைவு:

10.00: நாலு தப்பு விடை, 9 குழு (குழுவுக்கு 4 பேர்) – 45 நிமிஷம்
10.45: பட்டை மடிப்பு, கோட்டு நோட்டு, எண்கோடு – 50
டீ
11.50: சொல்லும் எழுத்தும் (நான்கில் மூன்று, அரைக்கால்) – 20
12.10: 1¾ ÷ ½ – 40
சாப்பாடு
1.45: தெளிப்பான், மாங்கூழ், விகித அட்டவணை – 50
2.35: சீட்டுப் பிரிப்பு – 35
3.10: அடுத்த வாரப் பாடம் ஒன்றை இருவர் இருவராகத் திட்டமிடல் – 30

எண்ணிப் பார்த்தால் 270 நிமிஷம், நாலரை மணி நேரம் சரியாக வருகிறது. பட்டை ஆளுக்கு 6, மொத்தம் 216. ஏ4 தாளின் 21 செ.மீ. அகலத்தில் 3 செ.மீ. வீதம் 7 பட்டை. 31 தாள். கத்தரிக்கோல் 9. சரிதானே?

#18 எல்லைச்சாவடி
ஒரு குறை. அன்றோடு முடிந்துவிட்டால் மறுநாள் பழைய பாடம்தான். 15 நாள் கழித்து ஒன்றரை மணி நேரம் இன்னொரு சந்திப்பு வையுங்கள். ஆளுக்கு மூன்று மாணவர் தாள், பெயரை மடித்து மறைத்து: ஒன்று சரியானது, ஒன்று தப்பு, ஒன்று "எப்படி இப்படி வந்தது என்று புரியவில்லை". மூன்றாவது வகையை மட்டும் மேசையில் பரப்பிப் பேசுங்கள். எத்தனை பேர் பட்டை செய்தார்கள், போட்டோ இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தால் அடுத்த முறை போட்டோ மட்டும் வரும்.

#19 கரும்பலகை
தாள் கணக்கு சரி. தாளின் நீளம் 29.7, பட்டை 24 என்பதால் முதலில் 5.7 செ.மீ. வெட்டி எறிய வேண்டும். அதை ஜெராக்ஸ் கடை கட்டிங் மெஷினில் கட்டாக வைத்து ஒரே வெட்டாக வெட்டிக்கொள்ளுங்கள். அகலத்தை ஆசிரியர்கள் கத்தரியில் வெட்டட்டும், 3 செ.மீ. என்பது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஒன்றும் ஆகாது. நீளம் 2 மி.மீ. மாறினாலும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது 4/8-ம் 2/4-ம் ஒட்டாது. அப்புறம் "சமான பின்னம்னா கிட்டத்தட்ட சமம்" என்று யாராவது எழுதிக்கொண்டு போவார்.

#20 பாலக்கோடு_கணக்கு
கடைக்காரரிடம் 24 என்று எழுதியே கொடுத்துவிடுகிறேன். உபரியாக 5 தாள் சேர்த்து 36, ஆளுக்கு ஒன்று. இரண்டாவது சந்திப்புக்கும் தேதி கேட்டிருக்கிறேன்.